செவ்விளக்கின் பொருள்



கணினித் திரையிலே புகைவண்டி ஓட்டும் விளையாட்டுக்கள் இன்று பல உள. அவற்றிற் காணும் பாலமும் நிலையமும் மெய்யானவை போலவே தோன்றுகின்றன. ஆயினும், அத்தகைய விளையாட்டின் உண்மையை அளக்கும் கோல் யாது என வினவினால், பாதையோரத்தில் நிற்கும் சைகை விளக்கே என்பேன்.

பிரித்தானியப் பாதைகளை எடுத்துக்கொள்வோம். விரைவு வண்டிகள் ஓடும் பாதைகள் பலவற்றிலே பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என விளக்கு நால்வகையாய் எரியும். விரைந்தோடும் வண்டி நினைத்த இடத்தில் நில்லாது. ஆதலால், சிவப்பு வருமுன்னரே இரு விளக்குகள் சாரதியை எச்சரிக்கின்றன.

இம்முறைகள் எளிதிற் கிடைத்தவையல்ல. 1889ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஆமா நகரருகே, ஏற்றத்தில் நின்ற உல்லாசப் பயண வண்டியிலிருந்து கழற்றப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டன. பின்னால் வந்த வண்டியோடு மோதின. எண்பது பேர் மாண்டனர். முன்வண்டி சென்று சில நிமிடம் கழிந்தாற் பின்வண்டியை விடலாம் என்பதே அன்றைய வழக்கம். ஒரு பகுதியில் ஒரு வண்டியே இருக்கலாம் என்ற விதி அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. எனவே பச்சை விளக்கு என்பது, "முன்னே பாதை வெறுமையாயுள்ளது" எனக் கொடுக்கப்படும் வாக்கு.

விளையாட்டு இவ்வாக்கைக் காக்கின்றதா? கதையமைத்தவர் விரும்பிய இடத்திற் சிவப்பு எரிந்தால், அது வெறும் ஓவியமே. சிம்சிக் என்னும் விளையாட்டிலோ, நாம் சாரதியல்லோம், சைகையாளர். முன்னே வண்டி நின்றால் அங்கு விளக்குச் சிவக்கின்றது. ஒன்றோடொன்று முரணும் இரு வழிகளைத் திறக்க முயன்றால் அது இடங்கொடாது. சிவப்பிலே காத்துநிற்கும் சாரதி தொலைபேசியில் நம்மை அழைக்கிறார். காட்சியோ கோடுகளே, உண்மையோ பெரிது.

சாரதியாய் விளையாடுவோர்க்கும் ஒரு பாடமுண்டு. 1952இல் லண்டனுக்கு அண்மையிலுள்ள ஹாரோவில், நிறுத்தற் சைகைகளைக் கடந்து வந்த விரைவு வண்டியால் 112 பேர் இறந்தனர். அதன் பின்னர், 1956 முதல், தானியங்கி எச்சரிக்கைக் கருவி பரவலாயிற்று. பச்சைக்கு மணி ஒலிக்கும்; ஏனையவற்றுக்கு ஊதுகுழல் ஒலிக்கும். சில விநாடிகளிற் பொத்தானை அழுத்தாவிடின் வண்டி தானே தடைபடும். ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒலி ஒன்றே! நல்ல விளையாட்டுக்கள் இக்கருவியையும் அவ்வாறே அமைத்துள்ளன. அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். மனம் உணருமுன் கை அழுத்திவிடும். பழக்கம் கவனத்தை எவ்வாறு விழுங்குகின்றது என்பதை, ஓர் உயிருக்கும் ஊறின்றி அங்கே அறிகிறோம்.

திரையிற் செவ்விளக்கைக் கடந்தால், ஆட்டம் முடியும், மீண்டும் தொடங்கலாம். மெய்யான பாதையில் மறுதொடக்கம் இல்லை. அவ்வேறுபாட்டை நெஞ்சிற் பதிக்கும் விளையாட்டே உண்மைக்கு அண்மையானது.