எஞ்சின் போய்விட்டதா?

"எஞ்சின் போயிடுச்சு சார்." பட்டறையில் இந்த மூன்று சொல்லைக் கேட்டவுடன் காரின் சொந்தக்காரர் மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். ரிப்பேர் பார்ப்பதா, வேறு எஞ்சின் ஏற்றுவதா, வந்த விலைக்கு வண்டியையே தள்ளிவிடுவதா? கேள்வி நியாயமானதுதான், கேட்கிற நேரம்தான் முந்திவிடுகிறது. எஞ்சின் என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும் அது பல பாகங்களின் கூட்டுக்குடும்பம். மேலே ஹெட்டும் வால்வுகளும், நடுவில் சிலிண்டர் பிளாக், அதற்குள் பிஸ்டன், கனெக்டிங் ராடு, அடியில் கிராங்க். இவற்றில் எது போயிற்று, எவ்வளவு போயிற்று, எதனால் போயிற்று என்று தெரியாமல் எடுக்கிற முடிவு, ஸ்கேன் பார்க்காமலே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற வேலை. முதலில் அளக்க வேண்டும். அளந்தபின், மாற்றியே தீர வேண்டும் என்று தோன்றிய பல எஞ்சின்கள் ரிப்பேரில் தேறிவிடும் என்பது என் கட்சி.

"பிரித்துப் பார்க்கவே தனிச் செலவாகுமே" என்பீர்கள். ஆகும். ஆனால் பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், நல்ல சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 14 கிலோ வரை அழுத்தம் காட்டும். மூன்று சிலிண்டர் 12 காட்டி, ஒன்று மட்டும் 5 காட்டுகிறது என்றால் நோய் எங்கே என்று தெரிந்துபோகிறது. இப்போது அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி சுழற்றுங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது; ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் ஏறியது. ஏறாமல் நின்றால் கசிவு மேலே, வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ இருக்கிறது. மேலே என்றால் பெரும்பாலும் ஹெட் வேலையோடு போகும். கீழே என்றால் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கலாம். கால் மணி நேரச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதைச் செய்யாமலே "மாத்திடலாம்" என்கிற இடத்தில் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.

சூடேறி நின்ற வண்டிகளைப் பாருங்கள். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டிப்போய், பானட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. ஆயில் அளவுகோலை உருவினால் பால் காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டியிருக்கிறது. பார்த்தவர் எவரும் எஞ்சின் முடிந்தது என்றுதான் நினைப்பார். ஆனால் நல்ல பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, நேர்க்கோலை அதன்மீது வைத்து, அடியில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பார்கள். பல கார்களில் அனுமதிக்கப்பட்ட கோணல் சுமார் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடிக்கு மேல் போகாத தடிமன். அதைத் தாண்டியிருந்தாலும் வெடிப்பு விடாத ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடிக்கலாம். புதுக் காஸ்கெட், புது ஆயில், கூலன்ட் போட்டால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: வெடித்த ஹோஸையும் அடைத்துக்கொண்ட ரேடியேட்டரையும் அப்படியே விட்டுவிட்டுப் புத்தம்புது எஞ்சினையே ஏற்றினாலும் அதுவும் இதே வழியில் போய்ச் சேரும்.

இதற்கு நேர் எதிர், தண்ணீர் குடித்த எஞ்சின். சென்னை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இதைப் பார்த்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்தால், மேலே ஏற முடியாத பிஸ்டனுக்கும் சுழலத் துடிக்கிற கிராங்குக்கும் நடுவே கனெக்டிங் ராடு வளைகிறது. இங்கே ஆபத்து ரிப்பேர் குறைந்துபோவதில் இருக்கிறது. தண்ணீரை வடித்து ஆயில் மாற்றினால் வண்டி ஓடவும் செய்யும். ஆனால் லேசாக வளைந்த ராடு சில மாதம் கழித்து முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம். வளைந்த ராடு நீளத்தில் குறைந்துவிடுவதால், அதன் பிஸ்டன் மற்றவற்றைப் போல உச்சிவரை ஏறாது. ஹெட்டைக் கழற்றி நான்கு பிஸ்டன்களின் உயரத்தையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"பிரித்த எஞ்சின் பழையபடி வராது" என்பது ஊரறிந்த வாதம். பாதி உண்மை. அளவு முறுக்கியான டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் ஹெட் போல்ட் முறுக்குகிற இடத்திலும், ஒருமுறை மட்டுமே பயன்படுகிற போல்ட்டை மறுபடி போடுகிற இடத்திலும் வராதுதான். ஆனால் பழைய இரும்பு பிளாக் எஞ்சின்களுக்கு ரீபோர் செய்தபின் போட 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் விற்கப்பட்டன. லைனர் மாற்றிய லாரி எஞ்சின்கள் மறுபடி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் அலுமினிய பிளாக். உள்ளே மெல்லிய லைனர். ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைக்காமல் போகலாம். சிலிண்டர் கீறிப்போன அத்தகைய வண்டியில் பிடிவாதம் உதவாது. பிஸ்டன், கிராங்கோடு வரும் ஹாஃப் எஞ்சின் வாங்குவதுதான் சரி. பிளாக்கில் ஓட்டை விழுந்துவிட்டாலும் அப்படித்தான்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்குப் பழைய எஞ்சின் கிடைக்குமே என்றால், அந்த எஞ்சின் எதனால் அங்கே வந்தது என்று கேளுங்கள். பின்னால் இடிபட்ட வண்டியில் இருந்ததா, வெள்ளத்தில் கிடந்ததா? அதற்கும் அதே கம்ப்ரஷன் கேஜ்தான். இன்னொன்று: ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும்போதும், காப்பீட்டுப் பணம் கேட்கும்போதும் சிக்கல்.

இனி பணம். ஓடுகிற நிலையில் 2 லட்சம் பெறும் காரை, எஞ்சின் போன நிலையில் 70,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், ரிப்பேருக்கு 90,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். "வண்டி விலையில் பாதியா!" என்று மலைக்கிறோம். அந்த 90,000, 70,000 ரூபாய் வண்டியை 2 லட்ச ரூபாய் வண்டியாக ஆக்குகிறது. எஞ்சின் பிரித்த வண்டி என்று 20,000 குறைத்துக் கேட்டாலும் நஷ்டமில்லை. அதை விற்றுவிட்டு 2 லட்சத்துக்கு வாங்கப்போகிற வேறு பழைய காரின் எஞ்சினை யார் அளந்து பார்த்தார்கள்? அடிப்பாகம் துருப்பிடித்து, 15 ஆண்டுப் பதிவும் முடியப்போகிற வண்டி என்றால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அதற்கு எந்த எஞ்சினும் வேண்டாம்.

காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாமல் பொதுவாகப் பணம் வராது. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருக்கிறேனே என்பது அங்கே செல்லாது. அடுத்த மழையில் உங்கள் கார் தண்ணீரில் நின்றால், சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.