பொது நிலமும் நால்வர் கொண்டுபோன ஏணியும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்க ஐக்கிய நாட்டு விஷயம். வேட்டைக்காரர்களைப் பற்றி நம் சங்க மண்டபத்தில் என்ன பேச்சு என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியிருக்கிறது; விலக்கியது நன்றே என்பது நம் அபிப்பிராயம். ஜீவஹிம்சைக்குப் புகழ் பாட நாம் வரவில்லை. ஒரு தேசத்துச் சாமானிய ஜனங்கள், எல்லார்க்கும் பொதுவான நிலத்தில் கால் வைக்கும் பாத்தியதையைத் தங்கள் முயற்சியால் எவ்விதம் காத்து வருகிறார்கள் என்பதையே சொல்ல விரும்புகிறோம்.

அந்நாட்டு நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், ஏறக்குறைய 64 கோடி ஏக்கர், மத்திய சர்க்காரின் கையில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கு மாகாணங்களிலும் அலாஸ்காவிலும் உள்ளது. ராணுவ நிலங்கள், தேசியப் பூங்காக்கள் முதலியவற்றிற்குத் தனி விதிகள் உண்டு. மற்றபடி வன இலாகாவும் நில நிர்வாக இலாகாவும் பார்த்துவரும் பரந்த நிலங்களில் எவனும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம், மாகாணத்தார் கொடுக்கும் உத்தரவுச் சீட்டைப் பெற்று உரிய பருவத்தில் வேட்டையும் ஆடலாம். இந்நிலங்களெல்லாம் ஒரு காலத்தில் பூர்வகுடிகள் வாழ்ந்திருந்தவை, உடன்படிக்கையாலும் பலாத்காரத்தாலும் கைமாறியவை என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதையும் சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

இந்த உரிமையை அவர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள்? பழைய இங்கிலாந்தில் வேட்டை என்பது அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. அரசனது வனத்து மானைக் கொன்றவனுக்கு உயிர்ச்சேதமோ அங்கச்சேதமோ கூடாது என்று விதிப்பதற்கே 1217-ஆம் வருஷத்து வனசாசனம் வேண்டியிருந்தது. அத்தகைய தேசங்களை விட்டுக் கடல் கடந்தவர்களின் சந்ததியார்க்கு, ஒரு காணி நிலமும் இல்லாத ஆலைத் தொழிலாளி கோடீசுவரனுக்குச் சமமாகக் காட்டில் நுழையலாம் என்பது அற்ப விஷயமன்று. இலையுதிர்காலத்தில் கிடைத்த ஒரு மானின் இறைச்சியைக் குளிர்காலம் முழுதும் வைத்து உண்ணும் குடும்பங்கள் அங்கே உண்டு.

உரிமை மட்டும் கேட்டுக் கடமையை மறந்தவர்கள் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவன் ஒரு வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். முதலில் அதன் விலை ஒரு டாலர், பின்னர் 25 டாலராக உயர்ந்தது. அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பறவைகளுக்கு விடுகிறார்கள். 1937-இல் பிட்மன், ராபர்ட்ஸன் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் சட்டம், நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் உள்ள வரியை மாகாணங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கியது. வேட்டைக்காரர் சங்கங்கள் அதை ஆதரித்தன. தம் தலைமேல் வரி வேண்டும் என்று சொல்லும் சங்கம் நம் காதுக்குச் சற்றுப் புதிதுதான்!

இனி ஆபத்து வந்த விதத்தைக் கேளுங்கள். 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் யூட்டா மாகாணப் பிரதிநிதி ஜேஸன் சாஃபெட்ஸ் என்பவர், பத்து மாகாணங்களில் ஏறக்குறைய 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்றுவிட ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருடைய கட்சிக்கு வழக்கமாக வோட்டளிக்கும் கிராமத்து வேட்டைக்காரர்களே முதலில் கொதித்தெழுந்தார்கள். பிரதிநிதிகளுக்குக் கடிதங்களும் டெலிபோன் அழைப்புகளும் குவிந்தன. மாண்டானாவின் தலைநகரான ஹெலீனாவில் சட்டசபைக் கட்டிடத்தில் பெருங்கூட்டம் கூடிற்று. மசோதா வந்து பத்து நாள் கழிவதற்குள், பிப்ரவரி முதல் வாரத்திலேயே, அக்கனவான் வேட்டை உடுப்புடன் தம் நாயையும் சேர்த்து எடுத்த படத்தை வெளியிட்டு, மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அது அத்துடன் ஓயவில்லை. 2025-இல் அதே யூட்டாவின் செனெட்டர் மைக் லீ, பட்ஜெட் மசோதாவுக்குள்ளேயே, மேற்கே 11 மாகாணங்களில் 22 லட்சம் முதல் 33 லட்சம் ஏக்கர் வரை விற்றாக வேண்டும் என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். மாண்டானாவை மட்டும் விலக்கி வைத்தார். அங்கே எதிர்ப்பு பலமென்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆயினும் மாண்டானாவின் செனெட்டர்கள் வாளாவிருக்கவில்லை. அவர்களும் ஐடஹோ செனெட்டர்களும், அவருடைய கட்சியைச் சேர்ந்தவர்களாயிருந்தும், கூடாது என்றார்கள். துப்பாக்கி தூக்குகிறவரும், மாமிசம் தொடாத மலையேறிகளும், நதியில் படகு விடுகிறவரும் ஒரே குரலில் பேசினார்கள். மற்ற நாட்களில் இவர்கள் ஒருவரையொருவர் நல்ல வார்த்தை சொல்வது அரிது. ஜூன் 28-ந் தேதி அந்தப் பகுதி வாபஸ் பெறப்பட்டது.

விற்கவேண்டும் என்பவர்களின் கட்சியையும் சொல்லாமல் விடலாகாது. நெவாடாவில் 100-க்கு 80 பங்கும் யூட்டாவில் 60-க்கு மேலும் மத்திய சர்க்காரின் நிலம். ஊர் வளர இடமில்லை, வீடு கட்ட மனையில்லை என்பது அவர்களுடைய முறையீடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாகாணத்திடம் ஒப்படைத்தால் நிலம் பொதுவாகவே இருக்கும் என்று கூறுகிறார்களே, அதற்கு நெவாடாவின் கணக்கே பதில். அம்மாகாணம் பிறந்தபோதும் அதற்குப் பின்பும் அதற்குக் கிடைத்தவை சுமார் 27 லட்சம் ஏக்கர். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை சில ஆயிரம் ஏக்கரே. ஒரு முறை கிரயமான நிலம் திரும்பிவந்த கதையை நாம் கேட்டதில்லை.

விற்காமல் காத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. நிலம் இருக்கும், அதற்குப் போக வழி இராது. இங்கேதான் அந்த ஏணி வருகிறது.

1862-இல் ரயில் பாதை போடும் கம்பெனிகளுக்கு உதவியாகச் சர்க்கார் நிலம் கொடுத்தது. பாதையின் இரு புறத்தையும் மைலுக்கு மைல் சதுரங்களாக வகுத்து, ஒன்று விட்டு ஒன்று கம்பெனிக்கு அளித்தது. சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: கறுப்புக் கட்டம் தனியாருடையது, வெள்ளைக் கட்டம் பொது. இரண்டு வெள்ளைக் கட்டங்கள் மூலையில் ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். அந்தப் புள்ளியைத் தாண்டினால் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தின்மேலுள்ள ஆகாயத்தில் தோள் பட்டுவிடும். அது அத்துமீறல் என்று நிலச்சுவான்தார்கள் வாதித்தார்கள். இவ்வாறு மூலையில் பூட்டுண்டு கிடக்கும் பொது நிலம் மேற்கு மாகாணங்களில் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்று 2022-இல் கணக்கிட்டார்கள். சுற்றியுள்ள நிலத்துக்கு உடையவன், விலை கொடாமலே இவற்றையும் தன் தோட்டமாக அநுபவித்து வந்தான்.

2021-இல் மிஸௌரியிலிருந்து நான்கு பேர் வயோமிங் மாகாணத்து எல்க் மலைக்கு வேட்டைக்கு வந்தனர். முந்தின வருஷம் அந்த மூலையில் இரண்டு கம்பங்களும் சங்கிலியும் இருந்தமையால், அவர்களில் சிலர் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிச் சென்றிருந்தனர். இம்முறை கம்பத்தையும் தொடவேண்டாமென்று இரும்பில் ஓர் ஏணி செய்து எடுத்து வந்தனர். பொது நிலத்தில் ஒரு கால் ஊன்றி, மூலைக்கு மேலாக ஏறி, மறுபக்கத்துப் பொது நிலத்தில் இறங்கினர். தனியார் மண்ணில் ஒருவர் பாதமும் படவில்லை. அப்படியும் அவர்கள்மேல் கிரிமினல் வழக்கு வந்தது. 2022 ஏப்ரலில் ஜூரிமார் அவர்களைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தனர். நிலத்துக்காரர் விடவில்லை, தமது எஸ்டேட்டின் மதிப்புக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்று சிவில் வழக்கும் நடத்தி வந்தார். காற்றில் தோள் பட்டதற்கு 70 லட்சம்!

நால்வரும் செல்வந்தரல்லர். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டியது ‘பேக்கன்ட்ரி ஹன்டர்ஸ் அண்டு ஆங்லர்ஸ்’ என்னும் வேட்டைக்காரர், தூண்டில்காரர் சங்கத்தின் வயோமிங் கிளை. 2004-இல் ஆரிகன் மாகாணத்தில் கூடாரத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிலர் தொடங்கிய சங்கம் அது. முகமறியாத ஆயிரக்கணக்கானவர் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அனுப்பினார்கள்.

நியாயாதிபதிகள் தீர்ப்புக்குத் துணையாகக் கொண்டது எதை என்று நினைக்கிறீர்கள்? 1885-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் பொது நிலத்தை வேலியிட்டு வளைத்துக்கொள்வதைத் தடுக்க இயற்றப்பட்டது அது. தன் நிலத்திலேயே வேலி போட்டாலும் அதனால் பொது நிலம் அடைபடுமானால் அவ்வேலி சட்டவிரோதம் என்று 1897-இலேயே அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் கூறியிருந்தது. எழுதிய சட்டம் ஏட்டில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தும், மூலையில் வழி திறக்க நால்வர் ஏணியோடு போகவேண்டியிருந்தது. 2023-இல் ஜில்லா நியாயஸ்தலமும், 2025 மார்ச்சில் மேல் நியாயஸ்தலமும் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தன. அவ்வருஷம் அக்டோபரில் உச்ச நியாயஸ்தலம் அப்பீலை ஏற்க மறுத்தது.

அந்தத் தீர்ப்பு வயோமிங், யூட்டா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ, கான்ஸஸ், ஓக்லஹோமா என்னும் ஆறு மாகாணங்களையே கட்டுப்படுத்தும். மாண்டானா வேறு மேல் நியாயஸ்தலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே தீர்ப்பு வெளியான பின்னும், மூலையைத் தாண்டுவது தங்கள் மாகாணத்தில் சட்டவிரோதமே என்று அங்கத்திய அதிகாரிகள் அறிவித்தார்கள். 2017-இல் ஹெலீனாவில் அவ்வளவு பெருங்கூட்டம் கூடிய மாகாணத்திலேயே அந்த மூலைகள் திறக்கவில்லை; அங்குள்ளவர்களுக்கு ஹெலீனாவில் இன்னும் வேலை இருக்கிறது.