நாற்பத்திரண்டு வயதில் திறந்த பூக்கடை



லண்டன் நைன் எல்ம்ஸ் பூச்சந்தையில் பூப்பெட்டி இறக்கிப் பிரிக்கும் வேலையில் எனக்குப் பதினொரு வருடம் போய்விட்டது. சாமம் இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். போன வருடம், சொந்தமாக மணவறைச் சோடனை செய்து கொடுப்போமா என்று வீட்டில் கேட்டேன். "உமக்கு நாற்பத்திரண்டு வயசாச்சு. இனி என்னத்துக்குப் புதுத் தொழில்?" என்றார் என் கணவர். அவர் கோபிக்கவில்லை, பயந்தார். மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்ற பெண்ணின் கதையைப் படித்தேன். பிரித்தானியாவில் பெரிய இடத்துக் கலியாணங்களுக்கும் விருந்துகளுக்கும் பூச்சோடனை செய்தவர். அவர் சொந்தக் கடை திறந்தது 1929இல். அப்போது அவருக்கும் வயது 42.

அவர் பெரிய இடத்தில் பிறந்தவரல்ல. 1886இல் டார்பி நகரில் ஒரு புகையிரத எழுதுவினைஞரின் மகளாகப் பிறந்தார். 1910இல் கலியாணம் செய்து அயர்லாந்தில் வாழ்ந்தார். அந்த வாழ்க்கை சரிவரவில்லை. 1916இல் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்து வேலை தேடினார். 1921இல் கிழக்கு லண்டனில், தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் பெண்பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆனார். அந்தப் பிள்ளைகளுக்குப் பூ அடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

பழைய பொண்ட் வீதியில் ஒரு வாசனைத் திரவியக் கடையின் கண்ணாடி யன்னலுக்கு அவர் செய்த சோடனைதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. விலை கூடிய பூக்களோடு வேலியோரத்துக் காட்டுக்கொடிகளையும் சேர்த்திருந்தார். நாங்கள் மரக்கறிக் கடையில் வாங்குகிற கேல் இலையை ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் வைப்பார். கேக் சுடும் தட்டுக்கூட அவர் கையில் பூச்சாடி ஆகும். இதைப் படித்தபோது ஊர்தான் நினைவுக்கு வந்தது. வாழையும் தென்னோலைத் தோரணமும் கமுகம்பூவும் காசு கொடுத்தா வாங்கினோம்? வளவில் வெட்டியதுதானே!

1934இல் கடை மேபெயர் பகுதிக்கு மாறியது. அங்கே எழுபது பேர் வரை வேலை செய்தார்கள். முடிதுறந்த எட்டாம் எட்வர்ட் 1937இல் பிரான்சில் செய்த கலியாணத்துக்கும், 1953இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கும் பூச்சோடனை செய்தவர் இவரே. 1960இல் காலமானார்.

ஆனால் நேயர்களே, ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்குக் கைகொடுக்கச் செல்வாக்கான நண்பர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. இது சொகுசான தொழிலும் இல்லை. பூவை விடிய முன் வாங்கி, தண்டைச் சரிவாக வெட்டி, மணிக்கணக்காகத் தண்ணீரில் விட்டு, விருந்தாளிகள் வர முன்னர் சோடித்து முடிக்க வேண்டும். எல்லாரும் போனபின் கூட்டி அள்ளவும் வேண்டும்.

இந்தத் தை மாதம் ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் மகளுக்கு முதன்முதலாக மணவறை சோடித்தேன். தெரியாத்தனமாக மல்லிகைச் சரத்தை மண்டபத்துச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னரே வாடிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஈஸ்ட்ஹாமுக்கு ஓடி, புதுச்சரம் வாங்கி வந்தார். திரும்பி வரும்போது, "அடுத்த முறை சரத்தைக் கடைசியாக் கொண்டுவருவம்" என்றார். அடுத்த முறை என்று அவர் வாயால் வந்ததே எனக்குப் போதும்.

சந்தை வேலையை விடவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் சோடனை செய்கிறேன். இடம்பெயர்ந்ததிலும் விசாவுக்குக் காத்திருந்ததிலும் எங்களில் பலருடைய இளவயது போய்விட்டது. அது திரும்பாது. "இனி என்ன" என்று யோசிக்கிற அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் அந்த 42 என்ற இலக்கத்தை மட்டும் ஞாபகப்படுத்தி விடைபெறுகிறேன்.