விண்மீன் மங்கிய விநாடிகள்



இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நாம் வானத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். வண்டி வரும் நேரத்தை முன்கூட்டி அறிவிப்பதும், வந்த நேரத்தை ஏட்டில் பதிவதுமே நம் தொழில். வானியலாரும் அதையே செய்கின்றனர். அவர்களுடைய வண்டி தாமதிப்பது மட்டும் குறைவு!

கிரகமொன்று தொலைவிலுள்ள விண்மீனின் முன்னே செல்லும்போது, அதன் நிழல் பூமியின்மீது ஊர்கிறது. அந்நிழற்பாதையில் நிற்பவர்க்கே விண்மீன் மறையும். மறைந்திருந்த நேரத்தைக் கொண்டு, மறைத்த பொருளின் அகலத்தைக் கணக்கிடலாம்.

1977 மார்ச் 10 அன்று துலா ராசியிலுள்ள விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைக்கும் என்று இங்கிலாந்தின் கார்டன் டெய்லர் 1973-லேயே கணித்துவிட்டார். அன்றிரவு, நம் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஜவ்வாது மலைக் காவலூரில், 102 செ.மீ. தொலைநோக்கியருகே விழித்திருந்தனர். எதிர்பாராத வேளையில் விண்மீன் சில விநாடிகள் மங்கிற்று. புதிய துணைக்கோள் என்று கருதி, அவ்வாறே எழுதினர்.

இந்துமகா சமுத்திரத்தின்மேல் விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழுவினரோ, கிரகத்தின் இருபுறமும் மங்கல்கள் ஒத்திருக்கக் கண்டு, அவை வளையங்கள் என அறிந்தனர். புகழ் அவர்களைச் சேர்ந்தது.

துணைக்கோள் என்றது பிழைதான். கண்ட மங்கலை விடாது பதிந்தது பிழையன்று. அப்பதிவுகளையே மீண்டும் ஆராய்ந்து, பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டில், சனியினுடையதைப் போன்ற வளைய மண்டலம் யுரேனஸுக்கும் உண்டென்று எழுதினர். இன்று 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன.