சுடச் சொன்னவர் யார்?



ரோடியர் மில் சங்கு ஊதினால் அடுப்பு மூட்டி, மறுசங்குக்குள் சோறு கட்டி, அந்தச் சங்கையே கடிகாரமாகக் கொண்டு வாழ்ந்த முதலியார்பேட்டைத் தலைமுறையின் பிள்ளைகளாகிய உங்களிடம், 1936 ஜூலை 30-ஐப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான் என்பதை அறியாதவன் அல்லேன். ஆயினும் விற்கத்தான் போகிறேன்.

அன்று நம் புதுச்சேரியின் சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள்மீது பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிகள் வெடித்தன. 12 பேர் பிராணனை விட்டார்கள். அப்போது பாரிஸில் யாருடைய ஆட்சி? லியோன் புளூம் என்ற சோஷலிஸ்டுத் தலைவரின் ஆட்சி! அங்கே ஜூன் மாதத்தில் தொழிலாளிக்கு ஒப்பந்தம். இங்கே ஜூலை மாதத்தில் தொழிலாளிக்குத் தோட்டா! கை தட்டாதீர்கள், இன்னும் கேளுங்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நம்மவர்கள் போராடிக் கேட்ட எட்டு மணி நேர வேலையை, 1937 ஏப்ரல் 6-இல் அதே சர்க்கார் சட்டமாக்கிக் கொடுத்ததே, அதை முந்தைய ஜூலை 29-ஆம் தேதி கொடுப்பதற்கு எந்தச் சமுத்திரம் குறுக்கே நின்றது?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஸ்பின்னிங்கில் உழைத்தவர், பெயர் வேண்டாம். சுட்டவன் யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, "சுடச் சொன்னவன் யார்?" என்றே சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைத்தாலும் இயன்ற அளவு குறைந்த பலத்தையே பிரயோகிக்க வேண்டும் என்று, எல்லைக்கு அப்பால் ஆண்ட பிரிட்டிஷ்காரனே தன் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதிவைத்தான். உள்நாட்டுக் குழப்பமோ வேறு எந்த நெருக்கடியோ இந்த வரம்பை மீறுவதற்குச் சாக்காகாது என்று 1990-இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு பிரகடனம் செய்தது. நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்க இயலாது என்று 1978-இல் நம் அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. ஏட்டிலே குறை ஒன்றும் இல்லை, ஐயா!

ஆனால் 2018 மே 22-இல் தூத்துக்குடியில், ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை, 144 தடையுத்தரவைக் காரணம் காட்டிப் போலீசார் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். அந்தச் சூடு அவசியமற்றது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் சொல்லிற்று. 2020 ஊரடங்கில், நேரம் தாண்டிக் கடை திறந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் போலீசார் அழைத்துப்போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. பெரியவர் இருந்திருந்தால் அங்கேயும் போய் அதையே கேட்டிருப்பார்.

இன்னொரு கோஷ்டியார் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். ஜூலை 30 காலையில் தியாகிகளுக்கு மாலை. அன்று மாலையிலேயே, சாலையில் உட்கார்ந்தவனைக் காட்டி, "இரண்டு போட்டால்தான் அடங்குவான்" என்று உபதேசம்! அந்த 12 பேரும் சாலையில் உட்கார்ந்தவர்களின் ஜாதிதானே, ஐயா? செத்த தொழிலாளியைத் தியாகி என்பார்கள், உயிரோடிருக்கும் தொழிலாளியைக் கலகக்காரன் என்பார்கள். சிரிக்கிறீர்கள், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும்.

துப்பாக்கிச் சூடு நடந்தால், உத்தரவிட்ட அதிகாரியின் பெயரையும் உத்தரவிட்ட நேரத்தையும் அன்றைக்கே காவல் நிலைய வாசலில் ஒட்ட வேண்டும் என்று கோரும் விண்ணப்பம் மேடைக்கு இடப்பக்க மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.