மூளையின் காவலரும் மஞ்சளும்



ஊரிலிருந்து வந்து நம்முடன் வாழும் முதிய அன்னை, காலையில் கேட்ட கேள்வியையே நண்பகலிலும் மாலையிலும் கேட்கிறார். பிறந்த மண்ணைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பத்துக்கு இது பெருங்கவலை. "பாலில் மஞ்சள் கலந்து கொடுங்கள்; மறதி அகலும்" என்கிறார் ஒரு நண்பர். இச்சொல்லில் எவ்வளவு உண்மை உண்டு?

மூளை என்றதும் நரம்பணுக்களையே எண்ணுகிறோம். அவற்றைச் சூழ்ந்து துணை நிற்கும் உயிரணுக்களும் உண்டு. 1856-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ப் விர்க்கோ இவற்றுக்கு 'நரம்புப் பசை' என்னும் பொருளில் பெயரிட்டார். ஆனால் இவை வெறும் பசை அல்ல. விண்மீன் வடிவுடைய ஒருவகை, நரம்பணுக்கள் ஊட்டம் பெற உதவுகிறது. 'மைக்ரோகிளியா' என்னும் மற்றொரு வகை, காவலனாக நின்று கழிவுகளை விழுங்கி அகற்றுகிறது. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் திட்டுத்திட்டாகப் படிகிறது. அதனோடு நெடுநாள் போராடும் இக்காவலணுக்கள் அழற்சிப் பொருள்களைச் சுரந்து, நரம்பணுக்களுக்கே ஊறு செய்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த காவலணுக்களின் சீற்றத்தைத் தணித்தது. எலிகளிடமும் நற்பயன் காணப்பட்டது. மனிதரிடமோ? உண்ட குர்குமினில் மிகச் சிறு பகுதியே குருதியில் சேர்கிறது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் நாள்தோறும் 2 அல்லது 4 கிராம் கொடுத்தும் பயன் தென்படவில்லை.

இதனால் மூலிகை ஆராய்ச்சியே வீண் என்று கொள்ளற்க. 1937-இல் சென்னையில் தாமோதரனும் இராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மூளையில் குறைந்துபோன டோபமீனை ஈடுசெய்யும் அப்பொருள், 1960-களின் பிற்பகுதியில் அளவறிந்து கொடுக்கப்பட்டு, பார்க்கின்சன் நோய்க்குச் சிறந்த மருந்தாயிற்று. ஆகவே, மூலிகை என்று தள்ளவும் வேண்டா. மூலிகை என்பதாலேயே நம்பவும் வேண்டா. அளந்து, மனிதரிடம் சோதித்துத் தெளிதலே நெறி.

குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் சிலருக்கு ஈரலைக் கெடுத்துள்ளன. மருத்துவரைக் கேளாமல் அவற்றைக் கொடுத்தல் ஆகாது. தைராய்டுச் சுரப்புக் குறையும் பி-12 வைட்டமின் குறையும்கூட மறதியை உண்டாக்கும். அவற்றுக்குத் தக்க மருந்து உண்டு. எனவே காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழ் மட்டுமே அறிந்த அன்னையை வேற்று மொழியில் வினவினால், மொழி விளங்காமையும் மறதியாகத் தோன்றிவிடும். உடனிருந்து கேள்வியைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்; விடையை மட்டும் அவரே சொல்லட்டும்.