நாலு நாடு, ஒரே பேர்: கினியா

ஏதாவது ஒரு வெப்சைட்ல நாடு தேர்ந்தெடுக்கிற டிராப்டவுன் வந்தா, 'கினியா'ன்னு டைப் பண்ணிப் பாருங்க. நாலு வரும். கினியா, கினியா-பிசாவு, ஈக்குவடோரியல் கினியா, பப்புவா நியூ கினியா. முதல் மூணும் ஆப்பிரிக்கா. மூணையும் ஆண்டவங்க வேற வேற: பிரான்ஸ், போர்ச்சுகல், ஸ்பெயின். நாலாவது எங்கேயோ ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, பசிபிக் கடல்ல இருக்கு. அப்புறம் எப்படி ஒரே பேர்?

1400-கள்ல போர்ச்சுகீசிய மாலுமிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமா இறங்கி வந்தாங்க. செனகல் ஆத்துக்குத் தெற்கே இருந்த கரைக்கு அவங்க வெச்ச பேர் 'கினே'. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு ரெண்டு கருத்து இருக்கு. மாலியில இருக்கிற ஜென்னேங்கிற பழைய வணிக நகரத்தோட பேர்னு சிலர் சொல்றாங்க. வட ஆப்பிரிக்க பெர்பர் மக்கள், தெற்கே இருந்த கறுப்பின மக்களைக் குறிச்ச சொல்தான் மருவிடுச்சுன்னு மத்தவங்க சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. ஏன்னா போர்ச்சுகீசியர்கள் அந்தச் சொல்லை நிலத்துக்கு மட்டுமில்ல, ஆத்துக்குத் தெற்கே வாழ்ந்த மனுஷங்களுக்கும் பயன்படுத்தினாங்க.

அது மட்டுமில்ல, இது தனிக்கதையும் இல்ல. சூடான்? அரபில 'கறுப்பர்களின் நாடு'ங்கிற தொடர்ல இருந்து வந்தது. எத்தியோப்பியா? கிரேக்கத்துல 'எரிந்த முகம்'னு பொருள். மூணு பேரும் வெளியில இருந்து வந்தவங்க வெச்சது, மூணுலயும் தோல் நிறம்தான். நம்ம வீட்டுல, கிளாஸ்ல ஒருத்தனைக் 'கறுப்பா'ன்னே கூப்பிடுவோம் இல்லையா? அதே புத்திதான், மேப் அளவுக்குப் பெருசா.

1545-ல ஸ்பானிஷ் மாலுமி ஒர்திஸ் தெ ரெத்தெஸ் பசிபிக்ல அந்தப் பெரிய தீவோட கரையைப் பார்க்கிறார். அங்கிருந்த மக்கள் ஆப்பிரிக்கக் கரை மக்கள் மாதிரி அவருக்குத் தெரிஞ்சாங்க. அவ்வளவுதான், 'நியூ கினியா'ன்னு பேர் வெச்சிட்டார். நூத்துக்கணக்கான மொழிகள் பேசுற தீவுக்குப் பேர் வந்தது, ஒருத்தர் பார்த்த ஒரு பார்வையில!

1663-ல இங்கிலாந்து ஒரு தங்க நாணயம் அடிச்சது. தங்கம் அந்த ஆப்பிரிக்கக் கரையில இருந்து வந்ததால, நாணயத்துக்கும் கினின்னே பேர் நின்னுடுச்சு. இங்கிலாந்துல பந்தயக் குதிரை ஏலத்துல இன்னிக்கும் கினியில விலை சொல்றாங்க. தங்கம் ஏத்தின அதே கரையிலதான் மனுஷங்களையும் கப்பல்ல ஏத்தினாங்க. அதை மட்டும் எந்த நாணயமும் ஞாபகம் வெச்சுக்கல. (நம்ம ஊர் கினிக்கோழியும் ஆப்பிரிக்காதான். ஆனா கினிப்பன்றி தென் அமெரிக்கா, அதுக்கு இந்தப் பேர் ஏன்னு உறுதியா யாருக்கும் தெரியல.)

சரி, சுதந்திரம் கிடைச்சதும் இந்தப் பேரைத் தூக்கிப் போட்டிருக்கலாமே? இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது. 1958 செப்டம்பர் 28-ல பிரான்ஸ் தன் காலனிகள்ல ஒரு வாக்கெடுப்பு நடத்துது: எங்க கூடவே இருக்கீங்களா? ஆப்பிரிக்காவுல 'முடியாது'ன்னு சொன்ன ஒரே காலனி, செக்கு தூரே தலைமையிலான கினியா. அக்டோபர் 2-ல சுதந்திரம். கோபத்துல பிரெஞ்சுக்காரங்க ஆட்களையும் கையில கிடைச்ச உபகரணங்களையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. அடுத்தவன் வெச்ச பேர்தான். ஆனா அன்னிக்கு அதுக்கு வேற பொருள் வந்துடுச்சு: முடியாதுன்னு சொன்ன நாடு.

பக்கத்துல போர்ச்சுகீசியர் ஆண்ட கினியாவோட விடுதலைப் போராட்டத்துக்கு, இந்தக் கினியாவோட தலைநகர் கொனாக்ரிதான் தளமா இருந்தது. தலைவர் அமில்கார் கப்ரால் 1973 ஜனவரியில சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே கொனாக்ரியிலதான். அந்த வருஷமே அவங்க சுதந்திரத்தை அறிவிச்சாங்க, குழப்பம் வராம இருக்கத் தலைநகர் பேரையும் சேர்த்து: கினியா-பிசாவு.

1968-ல ஸ்பெயின்கிட்ட இருந்து விடுபட்டது ஈக்குவடோரியல் கினியா. பேர்லயே பூமத்திய ரேகை இருக்கு, ஆனா அந்த ரேகை அந்த நாட்டு நிலத்துல எங்கேயும் படாது! மெயின்லேண்டும் தலைநகர் இருந்த தீவும் அதுக்கு வடக்கே, அன்னோபோன்னு ஒரு குட்டித் தீவு மட்டும் தெற்கே. மேப்பை ஓப்பன் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.